குட்டி யானை போதுமா, ஐச்சர் வேண்டுமா? நாமே வண்டி பிடித்து வீடு மாற ஒரு முழு வழிகாட்டி

வீடு மாறப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வண்டிக்கு எவ்வளவு கேக்குறாங்க?" பதினோரு வருடத்தில் சென்னைக்குள் ஐந்து முறை, அப்புறம் திருச்சிக்கு ஒரு முறை என்று சாமான் ஏற்றி இறக்கிய அனுபவத்தில் சொல்கிறேன், வாடகை பேசுவதுதான் இருப்பதிலேயே சுலபம். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு நாம் யோசிக்க ஆரம்பிக்கிறோமே, பணம் அங்கேதான் போகிறது. டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், லோடுமேன்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள், நாம் உள்ளே பருப்பு டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்போம். என் முதல் வீடு மாற்றம் இப்படித்தான் நடந்தது. ஆதம்பாக்கத்திலிருந்து குரோம்பேட்டை, பத்து கிலோமீட்டர்கூட இல்லை. காலை எட்டு மணிக்கு வந்த வண்டி திரும்பிப் போகும்போது மாலை ஐந்து.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வண்டி வருவதற்கு முந்தைய வேலைதான். பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களும், கூடமாட ஓடியாட ஆளில்லாத பெரியவர்களும் அவர்களிடம் கொடுத்துவிடலாம். ஒன்று அல்லது இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமானை ஊருக்குள்ளேயோ, தமிழ்நாட்டுக்குள் ஒரு ராத்திரி ஓட்டத்திலோ கொண்டுபோக நாமே போதும்.

1. சாமானைப் பார்த்து வண்டி

தெருமுனை ஸ்டாண்டில் கிடைப்பது பெரும்பாலும் டாடா ஏஸ். 2005-ல் வந்த வண்டி, நம் ஊரில் அதற்குப் பெயரே குட்டி யானைதான். பின்தளம் ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். எடை முக்கால் டன் அளவுக்குத் தாங்கும். அடுத்தது அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப். தளம் 8 முதல் 9 அடி, எடை ஒன்றேகால் டன்னும் அதற்கு மேலும். அதற்கும் மேலே போனால் டாடா 407 லாரி, அப்புறம் 14 அடி, 17 அடி தளமுள்ள ஐச்சர் லாரி.

வீட்டுச் சாமானில் எடை பெரும்பாலும் பிரச்சினையாகாது, இடம்தான் பிரச்சினை. இதற்கு நான் செய்வது ஒரு சின்ன வேலை. ஹாலில் சாக்பீஸால் 7 அடிக்கு 5 அடி கட்டம் போட்டு, அதற்குள் பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் பலகைகள் எங்கெங்கே நிற்கும் என்று அளவெடுத்துக் குறித்துப் பார்ப்பேன். பெரிய சாமான் நாலைந்து வைத்ததுமே கட்டம் நிரம்பிவிட்டால் குட்டி யானை போதாது என்று அர்த்தம். மெத்தையையும் அட்டைப்பெட்டிகளையும் மேலே அடுக்கலாம்தான். ஆனால் கட்டிய சாமான் ஆள் உயரத்துக்கு மேலே போகாமல் இருப்பது நல்லது.

பீரோ ஒன்று, கட்டில் ஒன்று, ஃபிரிட்ஜ், பாத்திரம் பண்டம் என்றிருக்கும் ஒற்றை பெட்ரூம் வீட்டுக்கு ஒரு குட்டி யானை சரியாக இருக்கும். இரண்டு பெட்ரூம், சோஃபா, டைனிங் டேபிள் என்றால் 407 அல்லது 14 அடி வண்டிக்குப் போய்விடுங்கள். "சின்ன வண்டியில ரெண்டு டிரிப் அடிச்சிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். இரண்டாவது நடை எப்போதும் மத்தியான வெயிலில், களைத்துப்போன ஆட்களோடு, நெரிசலில்தான் நடக்கும். புது வீடு பக்கத்துத் தெரு என்றால் மட்டும் இரண்டு நடை சரி. பெரிய வண்டி நுழைய முடியாத சந்து என்றாலும் வேறு வழியில்லை.

2. தெருவும் மாடிப்படியும்

இதை ஒரு தனி வேலையாகவே வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நேரில் போய்ப் பாருங்கள். தெருவில் 14 அடி வண்டி நுழைந்து திரும்புமா? எதிரே ஒரு கார் வந்தால் ஒதுங்க இடம் உண்டா? அப்புறம் அண்ணாந்து பாருங்கள். கேபிள் டிவி வயரும் இன்டர்நெட் வயரும் எவ்வளவு தாழ்வாகத் தொங்குகின்றன என்பது வண்டியின் மேல் பீரோவை நிறுத்திய பிறகுதான் பலருக்குத் தெரியவரும். ஒருமுறை எங்கள் டிரைவரின் தம்பி ஒட்டடைக் கம்பால் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தெரு நீளத்துக்கும் நடந்து வந்தான். கேபிள் வயர் என்பதால் அது நடந்தது. மின்வாரியக் கம்பி தாழ்ந்து தொங்கும் தெரு என்றால் அந்த விளையாட்டே கூடாது. உயரமான சாமானைப் படுக்கப் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

மாடிப்படியில் நேர் படி பெரிதாகத் தொல்லை தராது. திருப்பத்தை அளந்துகொள்ளுங்கள். குரோம்பேட்டையில் நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி. நாங்கள் குடிவந்து ஒரு வருடம் கழித்து ஹவுஸ் ஓனர் படி முகப்பில் கிரில் கேட் வைத்தார். பாதுகாப்புக்கு நல்லதுதானே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். காலி செய்கிற அன்றைக்கு பீரோ அந்தத் திருப்பத்தில் கிரில் கொண்டியில் இடித்துக்கொண்டு நின்றது. நிமிர்த்தினால் மேலே இடிக்கிறது, சாய்த்தால் கேட் இடிக்கிறது. லோடுமேன்களில் மூத்தவர் இரண்டு நிமிடம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, பால்கனி வழியாத்தான் இறக்கணும்" என்றார். இரண்டு நைலான் கயிறு, கீழே விரித்த மெத்தை, மேலே நான்கு பேர், எதிர்வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வேடிக்கை. இறங்கிவிட்டது. அந்த ஒரு பீரோவுக்கு ஒன்றரை மணி நேரம், பேசியதற்கு மேலே தனிக் கூலி. ஒரு டேப் எடுத்து அளந்திருந்தால் முதல் நாளே வெல்டரைக் கூப்பிட்டு கேட்டைக் கழற்றி வைத்திருக்கலாம்.

அடுக்குமாடியாக இருந்தால் அசோசியேஷனைக் கேளுங்கள். சாமான் ஏற்றி இறக்க நேரம் ஒதுக்குவார்கள், சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை விடமாட்டார்கள், சில இடங்களில் கட்டணம் உண்டு, லிஃப்டில் பீரோ ஏற்றக்கூடாது என்பார்கள். பழைய குடியிருப்பில் பாக்கி எதுவும் இல்லை என்ற சீட்டைக் காட்டினால்தான் செக்யூரிட்டி கேட்டைத் திறப்பார்.

3. நாள் பார்ப்பது

பஞ்சாங்கம் பார்க்கிறவரோ இல்லையோ, வண்டிச் சந்தை பஞ்சாங்கத்தின்படிதான் ஓடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானவர்கள் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். அதனால் அந்த மாதங்களில் வண்டியும் ஆளும் கேட்ட நேரத்துக்குக் கிடைக்கும், பேரமும் படியும். தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளன்று வண்டி வேண்டுமென்றால் பத்து நாள் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறும், பள்ளிக்கூடம் திறக்குமுன் வரும் மே மாதக் கடைசியும் அதேபோலத்தான்.

இதற்கு எங்கள் அம்மா சொன்ன வழியை இப்போது நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பால் காய்ச்சும் நாளையும் சாமான் போகும் நாளையும் ஒன்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல நாளில் சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர், பால் பாத்திரம் மட்டும் எடுத்துப் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள். அதோடு குடி போனதாகிவிடும். சாமான், வண்டி மலிவாகக் கிடைக்கும் புதன்கிழமையோ வியாழக்கிழமையோ போகட்டும். ராகு காலத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டுமே என்று லோடுமேனை விரட்டுவதும் இருக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அந்த மாதங்களில் மாறுவதாக இருந்தால், தார்ப்பாய் இருக்கும் வண்டியா என்பதுதான் முதல் கேள்வி. புது வீட்டுத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்துக் கடைக்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.

4. வண்டி பேசுவது

வெளிநாடுகளில் லாரியை நாமே ஓட்டிப் போகும்படி வாடகைக்குத் தருகிற கம்பெனிகள் நிறைய உண்டு. இங்கே வண்டி என்றால் டிரைவரோடு சேர்த்துத்தான். சட்டப்படி பார்த்தால் கார் ஓட்டும் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர், வண்டியும் சுமையும் சேர்த்து 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம். உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்ன இதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. ஆனால் வண்டிதான் அவருடைய பிழைப்பு, சாவியை நம் கையில் தரமாட்டார். நண்பருடைய வண்டி கிடைத்தாலும், சாமான் ஏற்றிய வண்டியை முதன்முதலாக அன்றைக்கு ஓட்டிப் பழக வேண்டாம் என்பது என் கருத்து. சுமையோடு பிரேக் பிடிப்பதே வேறு மாதிரி இருக்கும்.

வண்டி பிடிக்க மூன்று வழி உண்டு. ஒன்று ஸ்டாண்டு. இரண்டு, போர்ட்டர் மாதிரியான செயலி. மூன்று, ஏற்கெனவே மாறியவர்கள் தரும் டிரைவர் நம்பர். ஊருக்குள் ஒற்றை பெட்ரூம் சாமானுக்குச் செயலி வசதி, வாடகை முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் ஏற்றி இறக்க இலவசமாக விடும் நேரம் கொஞ்சம்தான், அது தாண்டினால் காத்திருப்புக் கட்டணம் ஓடத் தொடங்கும். மாடி வீட்டுச் சாமான் அந்த நேரத்துக்குள் நிச்சயம் ஏறாது. அதனால் கொஞ்சம் பெரிய சாமானாக இருந்தால் அரை நாள், முழு நாள் வாடகை பேசும் ஸ்டாண்டு வண்டியே எனக்குப் பிடிக்கும்.

பேசும்போது மொத்தமாக "எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, கயிறும் தார்ப்பாயும் வண்டியில் உண்டா, டோல் யார் கட்டுவது, டிரைவர் பேட்டா வாடகையில் சேர்ந்ததா, டிரைவர் சாமானில் கை வைப்பாரா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவையுங்கள்: "அண்ணே, புதன் காலை 7 மணி, 14 அடி வண்டி, குரோம்பேட்டை டு பெருங்களத்தூர், பேட்டா உள்பட இவ்வளவு." அவர் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டால் போதும், சாயங்காலம் வாக்குவாதம் இருக்காது. நகருக்குள் சில சாலைகளில் சரக்கு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. எத்தனை மணிக்குக் கிளம்பினால் பிடிக்கமாட்டார்கள் என்று அவரிடமே கேளுங்கள், அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

மின்சார வண்டியாக இல்லாவிட்டால் நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு. அதை வாடகைக்கு ஓட்டினால் வழியில் பிடிபடும்போது நம் சாமானும் சேர்ந்து நிற்கும். வெளியூர் என்றால் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ் தேதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சாமானோடு சாமானாகப் பின்னால் நாலு பேர் ஏறி வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1994-ல் மோட்டார் வாகனச் சட்டம் 147-ஆம் பிரிவைத் திருத்தியதில், சரக்கு வண்டியில் வரும் சரக்கின் சொந்தக்காரரும் அவர் அனுப்பும் ஆளும் இன்சூரன்ஸ் காப்புக்குள் வந்தார்கள். சும்மா தொற்றிக்கொண்டு வருகிறவருக்கு அது கிடையாது என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் தெளிவாகிவிட்டது. நீங்கள் ஒருவர் கேபினில் உட்காருங்கள். உதவிக்கு வந்த மச்சானை பஸ்ஸிலோ பைக்கிலோ வரச் சொல்லுங்கள்.

5. ஆட்கள்

தரைத்தளத்துக்கு இரண்டு பேர், மாடி என்றால் மூன்று அல்லது நான்கு. ஏற்றுவது, இறக்குவது, கட்டில் கழற்றி மாட்டுவது எல்லாம் சேர்த்தா என்று முதலிலேயே பேசுங்கள். இல்லாவிட்டால் "அது கார்பெண்டர் வேலை சார்" என்பார்கள். எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல் வரை வருமா, மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் மாடியில் ஏறும்போது கூலியும் ஏறும். பத்து மணிக்கு டீயும் வடையும் கேட்காமலே வாங்கிக் கொடுங்கள். கண்ணாடிச் சாமான் எவ்வளவு மெதுவாகத் தரையில் இறங்குகிறது என்பதில் அந்த டீக்குப் பெரிய பங்கு உண்டு.

6. முந்தைய வாரம்: கட்டுவது

அட்டைப்பெட்டிக்கு மருந்துக்கடைதான் நல்ல இடம். சின்னதாக, கெட்டியாக இருக்கும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தூக்க முடியாமல் நிற்கிறார்கள். பழைய புடவையும் வேட்டியும் எவர்சில்வர் மேல் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளும். அண்டா, குடம், குக்கர் இவையெல்லாம் உள்ளே காலியாகப் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டு மசாலா டப்பாக்கள் எப்போதும் இட்லிப் பானைக்குள்ளேதான் பயணம் செய்யும். ஒவ்வொரு பெட்டியிலும் எந்த அறை என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி நம்பர் போடுங்கள். மேல் மூடியில் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது, பக்கவாட்டில் எழுதுங்கள்.

கட்டிலைக் கழற்றியதும் நட்டு, போல்ட்டை ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பேன்ட் பாக்கெட்டில் போட்டவன் நான். அன்றைக்குத் தரையில்தான் படுத்தோம்.

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் உருகவிட்டு, துடைத்துக் கதவைக் கயிற்றால் கட்டுங்கள். நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படுக்கப் போட்டால் கம்ப்ரெசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கிய அன்று கழற்றிய டிரான்சிட் போல்ட் எங்கே என்று தேடி மாட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே டிரம் ஆடி அடிபடும். ஏ.சி.யில் இருக்கும் கேஸை மெக்கானிக் வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துத்தான் கழற்ற வேண்டும். அதற்கு ஏ.சி. ஓடவேண்டும், ஆகவே கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துத் துணி சுற்றி வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவைத் தொடும், உள்ளே இருப்பதோ ஆசிட். அது சாயவே கூடாது. இரண்டு பேர் தூக்கி, துணிமணி இல்லாத மூலையில் நிறுத்துங்கள்.

கேஸ் சிலிண்டரை மறந்துவிடாதீர்கள். வேறு ஊருக்குப் போவதாக இருந்தால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டெர்மினேஷன் வவுச்சர் (இணைப்பை ஒப்படைத்ததற்கான சீட்டு) பெற்றுக்கொண்டு போய்ப் புது ஊரில் இணைப்பு வாங்கலாம். ஊருக்குள்ளேயே என்றால் ஒப்படைக்க வேண்டாம், ஏஜென்சி மாற்றம் மட்டும் போதும்.

நகை, பத்திரம், மாத்திரை, சார்ஜர், ஒரு மாற்றுடுப்பு எல்லாம் உங்கள் கைப்பையில். அது வண்டியில் ஏறவே கூடாது.

7. ஏற்றும் நாள்

வண்டி வந்ததும் முதலில் தளத்தைப் பாருங்கள். முந்தின நடையில் சிமென்டோ மீனோ ஏற்றியிருந்தால் பெருக்கிக் கழுவி, பழைய பாய் ஒன்றை விரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கனமானதும் உயரமானதும் கேபினை ஒட்டி. பீரோ ஒரு பக்கம் என்றால் ஃபிரிட்ஜ் மறுபக்கம், எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பீரோவைக் காலி செய்து பூட்டிவிடுங்கள். துணி உள்ளேயே இருக்கட்டும் என்றால் லோடுமேன் முகத்தைப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கும். பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் மெத்தையைச் செங்குத்தாகச் செருகினால் ஒன்றோடொன்று உரசாது. கட்டில் பலகைகள் பக்கச் சுவரை ஒட்டி நிற்கட்டும். அடுத்து மேஜை, வாஷிங் மெஷின், நடுவில் பெட்டிகள், கனமானவை கீழே. டிவியை அதன் பெட்டியில் நிறுத்தியபடி இரண்டு தலையணைக்கு நடுவில் வையுங்கள். முடிந்தால் காரில் கொண்டுபோய்விடுங்கள். தொட்டிச்செடி கடைசி.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஒரு கயிறு குறுக்கே போகட்டும். எல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியில் மேலே மட்டும் கட்டினால் நடுவில் இருப்பது முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே நகர்ந்துவிடும். துடைப்பம், மாப், வாளி, ஒரு பல்பு, கட்டில் மாட்டும் ஸ்பேனர் இவற்றைக் கடைசியில் ஏற்றுங்கள். கிளம்புமுன் பழைய வீட்டு மின் மீட்டரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பரணையும் குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் பாருங்கள்.

8. வெளியூர் என்றால்

"ரிட்டன் வண்டி இருக்கா?" இந்த ஒரு கேள்வி வாடகையைக் கணிசமாகக் குறைக்கும். வெளியூரிலிருந்து சென்னைக்குச் சரக்கு கொண்டுவந்த வண்டி காலியாகத் திரும்புவதைவிட நம் சாமானை ஏற்றிக்கொண்டு போவதையே விரும்பும். நாள், நேரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். நான் திருச்சிக்குப் போனது அப்படித்தான். 330 கிலோமீட்டர், பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு டோல். ரிட்டன் வண்டியாக இல்லாவிட்டால் போகவர டோலையும் நம் கணக்கில்தான் எழுதுவார்கள்.

பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் (சரக்கு கொண்டுபோக எடுக்கும் மின்னணுச் சீட்டு) தேவையில்லை, விதி 138-இன் இணைப்பிலேயே விலக்கு இருக்கிறது. இருந்தாலும் வழியில் கேட்பார்கள். சாமான் பட்டியல், பழைய முகவரி, புது முகவரி, "சொந்த உபயோகச் சாமான்" என்று ஒரு வரி, கையெழுத்து, ஆதார் நகல் எல்லாம் சேர்த்து ஒரு தாளை டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். ராத்திரி எட்டு, ஒன்பதுக்குக் கிளம்பும் வண்டியாக இருந்தால், டிரைவர் பகலில் தூங்கினாரா என்று கேளுங்கள். அவர் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டீக்கு நிறுத்தும்போது இறங்கிக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டரில்தான் அது தளரும்.

9. இறக்குவது

ஒருவர் வாசலில் நின்று பெட்டி நம்பரைச் சரிபார்க்க வேண்டும், இன்னொருவர் உள்ளே நின்று எது எந்த அறைக்கு என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் எல்லாப் பெட்டியும் ஹாலில் வந்து குவியும். பீரோ எந்தச் சுவரோரம், கட்டில் எந்தத் திசை என்பதை முன்தினமே முடிவு செய்துவிடுங்கள். நின்ற பீரோவைத் திரும்ப நகர்த்த லோடுமேன் அடுத்த நாள் வரமாட்டார். கட்டிலை மாட்டிய பிறகே கூலியைக் கொடுங்கள். ஃபிரிட்ஜை நாலைந்து மணி நேரம் அப்படியே நிற்கவிட்டு அப்புறம் பிளக்கைச் செருகுங்கள்.

டிரைவர் பின்கதவைத் தூக்கிக் கொக்கி மாட்டுவதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை தளத்தில் ஏறிப் பாருங்கள். சுருட்டிப் போட்ட தார்ப்பாய்க்கு அடியில் எங்கள் அம்மிக் குழவி ஒருமுறை பெருங்களத்தூரிலிருந்து வண்டி ஸ்டாண்டு வரை போய், மறுநாள் டிரைவர் கையில் திரும்பி வந்தது.